மூன்றாவது ஆளைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மாநில ஆட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்சி நடப்பது ஆளுநர் பெயரில், நடத்துவது முதலமைச்சர் என்று தொடங்கி, இருவருக்கும் நடுவே உள்ள இழுபறியை நாலு பக்கம் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த நாலு பக்கத்தில் மூன்றாவது ஆளான சட்டமன்றம் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் 'வெளிநடப்பு' என்ற சொல்லோடு.

நான் அரசுத் துறை ஒன்றின் பட்ஜெட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

ஓர் அரசாணையை எடுத்துப் பாருங்கள். முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். கையெழுத்து துறைச் செயலாளருடையது. அரசமைப்புச் சட்டத்தின் 166-வது பிரிவு கேட்பது அப்படி. பெரும்பாலான கோப்புகளை ஆளுநர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் கையெழுத்துக்குச் சற்று மேலே இரண்டு வரி இருக்கும், யாரும் படிக்காத வரிகள். ஒன்று, நிதித்துறையின் இசைவு. இன்னொன்று, செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் சேரும் என்பது. 2202 என்று தொடங்கினால் பொதுக்கல்வி, 2210 என்றால் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். இந்த முதல் நாலு இலக்கம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றேதான். (எதில் சண்டை போட்டாலும் கணக்கு எழுதுவதில் நாம் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.)

அந்த எண்ணுக்கு நேரே பணம் இருந்தால்தான் அரசாணைக்கு உயிர். முதல்வர் மேடையில் அறிவித்துவிட்டதால் மட்டும் பணம் அங்கே வந்துவிடாது. ஒரு துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு கேட்பதுதான் மானியக் கோரிக்கை. சட்டமன்றம் அதை ஏற்று, நிதி ஒதுக்கச் சட்டம் இயற்ற வேண்டும். அது இல்லாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வருவாய் எல்லாம் சேரும் கருவூலத்திலிருந்து, ஒரு ரூபாய் எடுக்க முடியாது. கேட்ட தொகையை மன்றம் தரலாம், குறைக்கலாம், மறுக்கலாம். அதிகமாக்க மட்டும் முடியாது. குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொடுப்பதுதான் வெட்டுத் தீர்மானம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள். துறையின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால் மொத்தத் தொகையையும் ஒரு ரூபாயாக்கு என்பார்கள்.

பெரும்பான்மை உள்ள அரசிடம் இது எங்கே ஜெயிக்கப்போகிறது என்று கேட்பீர்கள். ஜெயிக்காதுதான். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருமுறை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், தன் தொகுதியில் காலியாகக் கிடந்த சில பணியிடங்களைப் பற்றி நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். அந்தக் கோப்பு எங்கள் பிரிவில் மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் அந்தத் தீர்மானத்தைப் பார்த்ததும் ராத்திரி பதினோரு மணி வரை எங்களை உட்கார வைத்தார்கள். மறுநாள் விவாதத்தில் அமைச்சர் பதில் சொல்லும்போது அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு மேல் துண்டுச்சீட்டு போனது. தீர்மானம் தோற்றது. கோப்பு இரண்டே நாளில் கையெழுத்தாகி வெளியே போனது.

இந்தப் பயம் வர வேண்டுமானால் மன்றம் கூட வேண்டும் அல்லவா? அரசமைப்புச் சட்டம் கேட்பதெல்லாம், இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது என்பது மட்டுமே. வருஷத்துக்கு இத்தனை நாள் கூடியாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நாள் குறைந்தால் பல மாநிலங்களில் என்ன நடக்கிறது? கடைசி நாளில், விவாதிக்காமல் மிச்சமிருக்கும் கோரிக்கைகளையெல்லாம் ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டு முடித்துவிடுகிறார்கள். கில்லட்டின் என்றே அதற்குப் பெயர். கேரளம் 1980-லேயே துறைவாரியாகக் குழுக்கள் அமைத்து, கோரிக்கைகளையும் மசோதாக்களையும் அங்கே அனுப்பத் தொடங்கியது. நாடாளுமன்றத்தில் அப்படிப்பட்ட நிலைக்குழுக்கள் முழுமையாக வந்தது 1993-ல்தான். இன்னும் அப்படிச் செய்யாத மாநிலங்கள் எதற்காகக் காத்திருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

மன்றத்தில் மசோதா கொண்டுவராமல், மன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டங்களைக் கொண்டே ஆண்ட கதையும் உண்டு. பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். காலாவதியாகும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் பிறப்பித்து, சிலவற்றை ஏறத்தாழ பதினாலு வருஷம் ஓட்டினார்கள். பேராசிரியர் வாத்வா வழக்குப் போட்டு, 1986-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

ஆளுநர் விவகாரம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மசோதாவுக்கு ஒப்புதல் தர நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்ன பிறகு, அந்தக் கவலை கூடத்தான் செய்யும். ஆனால் ஆளுநர் மாளிகையில் மசோதா எத்தனை மாதம் கிடந்தது என்று கேட்கிற நாம், அதே மசோதா மன்றத்தில் எத்தனை நிமிடம் இருந்தது என்று ஏன் கேட்பதில்லை?

ஜிஎஸ்டி வந்தபின் வரி போடும் அதிகாரத்திலும் பெரும்பகுதி, ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. அங்கே தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றிய அரசின் கையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் தலையாட்டாமல் எதுவும் நகராது. மாநில மன்றத்துக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் செலவைக் கேள்வி கேட்கும் உரிமைதான்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் எந்தத் துறையின் கோரிக்கை எத்தனை மணி நேரம் விவாதிக்கப்பட்டது, எத்தனை பேர் பேசினார்கள், எது விவாதமே இல்லாமல் போனது என்று ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கல்வி மாநிலப் பட்டியலில் இருப்பதாகக் கட்டுரையில் வந்திருக்கிறது. 1976-ல் அரசமைப்புச் சட்டத்தின் 42-வது திருத்தம் அதை, ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. காடுகள், எடை அளவைகள் உள்ளிட்டவையும் கூடவே போயின. அடுத்த இதழில் திருத்திப் போட்டுவிடுங்கள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் உங்கள் இதழை வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர்