வார்டிலிருந்து மக்களவைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் அரசியலுக்கு வருவது பற்றிப் பேச்செழும்போது, 2020 ஏப்ரலில் அன்றைய மேயர் கிஷோரி பெட்னேகர் மீண்டும் செவிலியர் சீருடை அணிந்து நாயர் மருத்துவமனைக்குச் சென்ற காட்சியே மும்பைவாசிகளுக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் எடி பெர்னிஸ் ஜான்சன் கடந்த தூரம் இன்னும் நெடியது. நிறவெறி நிலவிய டெக்சாஸில் செவிலியர் கல்வி கறுப்பினப் பெண்ணான அவருக்கு எட்டாக்கனியாக இருந்ததால், இண்டியானா சென்று படித்துத் திரும்பியவர், டாலஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மனநலப் பிரிவின் தலைமைச் செவிலியராக உயர்ந்தார். 1972-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும், 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கும் தேர்வானார். பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் அங்கு நுழைந்தது அதுவே முதல்முறை. 30 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், 2019-இல் அறிவியல் குழுவின் தலைமையையும் ஏற்றார். (செவிலியருக்கு அறிவியல் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மூரில் இன்றும் உண்டு.)

இரவுப் பணியில், 40 கட்டில்களுக்கு நடுவே, தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிப் பாட்டியின் பேச்சை மராத்தி டாக்டருக்குப் பெயர்த்துச் சொல்லிக்கொண்டே டிரிப்ஸ் சொட்டுகளை எண்ணியவள் நான். மருந்துத் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை, உறவினர்களின் கோபம் ஆகியவை முதலில் வந்து விழுவது செவிலியரின் மேசையில்தான். ஆயினும் வேட்பாளர் தேடும் கட்சிகளின் பார்வை டாக்டர்களோடு நின்றுவிடுகிறது என்பது என் ஆதங்கம். மாநகராட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் செவிலியர்களைக் கண்டு, அவர்களின் பேட்டிகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை.