பெட்ரோல் இருப்பு உரிமம்: கட்டிய கட்டணத்தையே மறுபடி கேட்பதை நிறுத்தி, உரிமம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு தேயிலை விவசாயிகள் குழு உறுப்பினர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: தேயிலை அறுவடை இயந்திரங்களுக்காக 200 லிட்டர் பெட்ரோல் இருப்பு வைக்க உரிமம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்த மனு, பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மழையில் சாலை சரிந்தபோது தாங்களே வந்து பார்த்த வளைவுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஊர். பெட்ரோல் பங்க் 14 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதும் தாங்கள் அறிந்ததே. இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் தங்களை நாடுகிறோம்.

1. எங்கள் குழுவில் எல்லோரும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். கையால் கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காததால் கடன் வாங்கி எட்டு அறுவடை இயந்திரங்கள் வாங்கினோம். எல்லாம் பெட்ரோலில் ஓடுபவை. ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்றாலும் எட்டுக்கும் சேர்த்து 40 லிட்டர் ஆகிறது.

2. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். எங்களுக்கு ஒரு நாள் வேலைக்கே அது காணாது. டீசலுக்கு 2,500 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. பெட்ரோல் அப்படியல்ல, சட்டென்று ஆவியாகித் தீப்பிடிக்கும், கண்டிப்பு வேண்டும்தான். அதனால்தான் ஒளித்து வைக்காமல் முறையாக உரிமம் கேட்டோம். வீடுகளை விட்டுத் தள்ளித் தனி அறை கட்டியிருக்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதால் தரை மட்டத்திலேயே கம்பி வலை போட்ட காற்றுத் துவாரங்கள் வைத்திருக்கிறோம். மணல் வாளிகள், தீயணைப்புக் கருவி எல்லாம் இருக்கின்றன. உள்ளே கரண்ட் இணைப்பே கிடையாது. வந்து பார்த்தவர்கள் அறையில் ஒரு குறையும் சொல்லவில்லை.

3. அப்புறம் தொடங்கியது கட்டணம். உரிமத்துக்கு ஒன்று, தடையில்லாச் சான்றுக்கு ஒன்று, வரைபடம் போட்டவருக்கு, நோட்டரிக்கு, நகல்களுக்கு என்று எல்லாவற்றையும் கட்டினோம். வரைபடத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று கோப்பு திரும்பியது. சரி, வாங்கிக் கொடுத்தோம். இப்போது இதைப் புது விண்ணப்பமாகத்தான் எடுப்போம், பழைய சலான் செல்லாது, கட்டணத்தை மறுபடி கட்டுங்கள் என்கிறார்கள். கட்டிய பணம் அரசுக் கணக்கில்தானே இருக்கிறது? அதே அறை, அதே 200 லிட்டர், அதே ஆட்கள். எதற்காக இரண்டாம் முறை? எந்த விதியில் இப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டோம், பதில் இல்லை. வாங்கி விற்று லாபம் பார்ப்பவர்கள் இதைத் தாங்கலாம். நாங்கள் ஒரு சொட்டும் விற்பதில்லை. கட்ட மாட்டோம் என்று சொல்லவில்லை ஐயா, கட்டியதையே மறுபடி கேட்காதீர்கள் என்கிறோம்.

4. எங்களை மிகவும் வதைப்பது இதுதான். உரிமம் இல்லாமல் பங்கில் கேனில் பெட்ரோல் ஊற்ற மாட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு உத்தரவு அப்படி. ஆனால் வண்டி டேங்கில் ஊற்றத் தடையில்லை. ஆகவே எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் பைக்குகளை எடுத்துக்கொண்டு கீழே போய், டேங்கை விளிம்பு வரை நிரப்பி, பனியில் அத்தனை வளைவுகளும் ஏறி வருகிறார்கள். வந்ததும் டேங்குக்குள் ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, பெட்ரோல் வரும் நேரம் பார்த்துச் சட்டென்று கேனுக்குள் திருப்ப வேண்டும். ஒரு நொடி தவறினால் வாய்க்குள் போகிறது. உதடு வெந்து போகாத பையன் எங்கள் ஊரில் இல்லை. சென்ற மாதம் ஒருவனுக்குப் பெட்ரோல் நுரையீரலுக்குப் போய், மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பிழைத்தான். அவன் அம்மாவும் எங்கள் குழு உறுப்பினர்தான், இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாதுகாப்பாக வைக்க ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது, பெட்ரோலோ வீட்டுத் திண்ணையில், அடுப்பு எரிகிற இடத்துக்குப் பத்தடி தூரத்தில், குழாய் வழியாக இறங்குகிறது. பாதுகாப்புக்காக வந்த சட்டம் எங்கள் ஊரில் இப்படியா நடக்க வேண்டும்? யாராவது எரிந்து போன பிறகுதான் கோப்பு நகருமா? கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியது அத்தனையும் உண்மை.

5. பெட்ரோல் தீர்ந்து இயந்திரம் நின்றால் செடி காத்திருக்காது. நாலு நாள் தள்ளினால் கொழுந்து முற்றிக் கரட்டு இலை ஆகிவிடுகிறது. பேக்டரியில் விலையைக் குறைக்கிறார்கள், சில நாள் திருப்பியே விடுகிறார்கள்.

6. இயந்திரக் கடனுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

உரிமக் கட்டணம் மத்திய அரசின் 2002ஆம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளின்படி வருவது, அதைத் தாங்கள் குறைக்க முடியாது என்பது தெரியும். தங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறோம். ஏற்கெனவே கட்டிய சலானையே இந்த விண்ணப்பத்துக்கு ஏற்றுக்கொள்ள உத்தரவிடுங்கள். உரிமத்தை வருடா வருடம் அலைய விடாமல், விதி அனுமதிக்கும் அதிகபட்ச காலத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். அது வரும்வரை, சட்டம் அனுமதிக்கிற அந்த 30 லிட்டரையாவது 25 லிட்டருக்கு மிகாத உலோகக் கேன்களில் ஊற்றித் தரலாம் என்று பங்குக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அந்த ஒரு கடிதம் இன்றைக்கே கிடைத்தால் நாளைக் காலையில் எந்தப் பிள்ளையும் குழாயை வாயில் வைக்க வேண்டியிருக்காது.

ஐயா, தயவுசெய்து இந்த மனுவை வேறு பிரிவுக்கு அனுப்பி வைக்காமல் தாங்களே பார்த்து ஆணையிடுங்கள். கட்டிய பணத்தையே மறுபடி கேட்க வேண்டாம், உரிமத்தைக் கொடுங்கள். எந்த நாளில் ஆய்வுக்கு வந்தாலும் அறையைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: கட்டணம் செலுத்திய சலான் நகல், அறையின் வரைபடம், மருத்துவமனைச் சீட்டு நகல், உறுப்பினர்களின் கையெழுத்துப் பட்டியல்.