முதல் ஃபிளைக்கு மான்மயிர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை இணைப்பில் ஃபிளை (தூண்டில் முள்ளில் இறகு, மயிர் கட்டிச் செய்யும் போலி இரை) கட்டுவது பற்றி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. தமிழ்ப் பத்திரிகையில் இதைப் பார்க்க நெடுநாள் காத்திருந்தவன் நான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என்று தலைப்புப் போட்டுவிட்டு மட்லர் மின்னோ என்ற ஃபிளையைக் காட்டியது பிழை. அருமையான ஸ்ட்ரீமர்தான் அது (சின்ன மீன் போல நீருக்கடியில் இழுக்கும் ஃபிளை), 1930களில் இங்கே ஒன்ராறியோவில், நிப்பிகன் ஆற்றில், கல்லிடுக்கில் கிடக்கும் ஸ்கல்பின் மீனைப் பார்த்து டொன் கேப்பன் கட்டியது. ஆனால் அதன் தலைக்கு மான்மயிரை நூலால் இறுக்கிச் சுழலவிட்டு, அப்புறம் கத்தரித்து உருவம் எடுக்க வேண்டும். எனக்கு அது கைக்கு வர மூன்று வருடம் பிடித்தது. முதல் நாளே அதில் கைவைக்கும் பிள்ளை, முள்ளைப் பிடித்துவைக்கும் வைஸைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடும், திரும்ப எடுக்காது.

தொடங்க வேண்டியது ஊலி பகர் என்ற ஸ்ட்ரீமரில். பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் 1967இல் ஸ்மோல்மவுத் பாஸ் மீனுக்காகக் கட்டியது. கல்லுக்கடியில் வாழும் ஹெல்கிரமைட் என்ற பூச்சிப் புழுவை நினைத்துத்தான் கட்டினார், ஆனால் தண்ணீருக்குள் அது அட்டையாகவும் தெரியும், சின்ன மீனாகவும் தெரியும், நண்டு வகையாகவும் தெரியும். அதனால் ட்ரவுட், பாஸ் எல்லாமே அதைக் கடிக்கும்.

சாமான் அதிகமில்லை. நீளத் தண்டுள்ள 8ஆம் நம்பர் தூண்டில் முள், கறுப்பு நூல், மரபூ இறகு, ஷெனீல் என்ற பஞ்சு போன்ற தடித்த நூல், ஒரு சேவல் இறகு, கொஞ்சம் பாரக் கம்பி. (மரபூ என்று பெயர் நாரையுடையது, இப்போது கடையில் கிடைப்பது வான்கோழியின் மெல்லிய இறகு.) முதலில் முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குங்கள், மீனை விடும்போது இலகு, ஃபேர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் சட்டமும் அதுதான். தண்டின் நடுவில் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, மேலே நூலை ஓட்டிப் பின்னால் வளைவு வரை கொண்டு போங்கள். அங்கே மரபூவை வாலாகக் கட்டுங்கள், தண்டின் நீளமே வாலின் நீளம், கூடினால் வால் வளைவில் சிக்கிக்கொள்ளும், மீனும் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிடித்தால் மரபூ பறக்காது. அதே இடத்தில் சேவல் இறகின் நுனியையும் ஷெனீலையும் கட்டி, ஷெனீலை முன்னால் சுற்றிக்கொண்டு வாருங்கள், பிறகு இறகை இடைவெளி விட்டுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். சரி, அவ்வளவுதான்.

எல்லாரும் கெடுக்கும் இடம் தலை. ஷெனீலை முள்ளின் கண் (லைன் கோக்கும் துளை) வரை கொண்டு வந்துவிட்டால் முடிச்சுக்கு இடமிருக்காது, கண்ணும் அடைபட்டுவிடும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு கண் அகலம் வெறுமையாக விடுங்கள். நூலின் இழுவை இன்னொன்று. என் அம்மாவுக்கு இதைக் காட்டியபோது, பூச்சரம் கட்டிப் பழகிய கை என்பதால், காம்பு நசியாமல் பூவும் நழுவாமல் பிடிக்கும் அளவு எது என்று அவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நம் வீடுகளில் அப்படிப்பட்ட கைகள் எத்தனையோ இருக்கின்றன.

ஒரே நிறத்தில் பத்துக் கட்டுங்கள். நிறம் மாற்றுவது, கண் ஒட்டுவது, மினுக்கம் சேர்ப்பது எல்லாம் பிறகு.

ஸ்ட்ரீமரைப் புதியவர்களுக்குச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. பூச்சியைப் போல மேலே மிதக்கும் ஃபிளையை நீரோட்டம் இழுக்காமல் மிதக்கவிட நல்ல பழக்கம் வேண்டும். ஸ்ட்ரீமரைக் குறுக்கே வீசி, ஓட்டத்தில் வளைந்து போகவிட்டு, லைனை, அதாவது தூண்டில் நூலை, சின்னச் சின்னதாக இழுத்து நிறுத்தினால் போதும். நிறுத்தும்போது மரபூ மூச்சு விடுவது போல விரியும், பெரும்பாலும் கடி விழுவது அப்போதுதான். கடித்தால் தடியைத் தூக்காதீர்கள், லைனை இழுங்கள்.

பாரக் கம்பி வாங்கும்போது ஈயம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், இதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. ஈயத்தை விழுங்கிய லூன் பறவைகள் செத்துப்போகின்றன, ஒரு டொலர் குற்றியில் நாம் தினமும் பார்க்கும் அதே பறவை. தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் பாரங்களுக்குத் தடையே இருக்கிறது.

ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை (பருவ விதிகள் அவர்களுக்கும்தான்), அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்த இணைப்பில் ஊலி பகரின் படத்தை, ஒவ்வொரு கட்டமும் தெரிய, பெரிதாகப் போடுங்கள். படம் எடுக்க என் மேசையும் வைஸும் தயார், எந்த ஞாயிறு என்றாலும் வாருங்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ