டிக்கோயாவிலிருந்து ஒரு கடிதம்

டிக்கோயா,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இயந்திரத்தைப் பொருத்திவிட்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி இலங்கைக்குப் புறப்பட்டவன் பத்து வாரமாக ஒரு கடிதம்கூடப் போடாமல் இருந்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அருவிப் படங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. என் மனத்தில் இருப்பது வேறு.

முதலில் அம்மாவுக்கு ஒரு செய்தி. அவர் 'ஸ்டோருக்குப் போனோம்' என்று தலவாக்கலைக் கதைகளைச் சொல்லும்போதெல்லாம் நாம் இருவரும் மளிகைக் கடையைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம்? இங்கே தேயிலைத் தொழிற்சாலைக்கே ஸ்டோர் என்றுதான் பெயர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா வந்தவர்கள் கோத்தகிரி வரை சுமந்துவந்த பெரட்டு (காலை ஆளெடுப்பு), தொரை (தோட்ட மேலாளர்), தேத்தண்ணி (தேநீர்) என்ற சொற்களெல்லாம் நாள்தோறும் என் காதில் விழுகின்றன. தேத்தண்ணி என்று சொன்னதற்காக வகுப்பில் உன்னை எழுப்பி நிறுத்திய சாக்பீஸ் வாத்தியாரை ஒரு நாளாவது இங்கே அழைத்துவந்து உட்கார வைக்க வேண்டும்.

வேலை நீண்டதற்குக் காரணம் ஈரம். கோவையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிப் பார்த்த கலர் சார்ட்டர், அதாவது தேயிலையிலிருந்து குச்சியை நிறம் பார்த்துப் பிரிக்கும் நம் இயந்திரம், இங்கே மூன்றாம் நாளே மக்கர் செய்தது. மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்துபோகும் ஊரில், கம்ப்ரசரிலிருந்து காற்றோடு தண்ணீரும் சேர்ந்து வந்து, குச்சியை ஊதித் தள்ள வேண்டிய வால்வுகளை அடைத்துவிட்டது. கம்ப்ரசர் காற்றை உலர்த்தும் பெரிய டிரையர் வந்து சேரும் வரை காத்திருந்தேன். இடையில் விசா முடிந்துவிடும்போல இருந்ததால் நீட்டிப்புக்காகக் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லைக்கு ஒரு நடை போய்வந்தேன். காலையில் கோதுமை ரொட்டியும் கட்டசம்பலும், இரவில் இரண்டு கம்பளி, போயா என்னும் பௌர்ணமி விடுமுறையன்று மேல்மலையில் ஏறி நின்றால் தொலைவில் சிவனொளிபாத மலைப் பாதையின் விளக்கு வரிசை என்று நாட்கள் போகின்றன. உணவிலும் உறக்கத்திலும் எனக்குக் குறையில்லை.

நான் எழுத உட்கார்ந்தது, தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் குச்சி பொறுக்கும் எட்டுப் பெண்களைப் பற்றி. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சுட்டு வரும் தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் கையால் எடுப்பதே அவர்கள் வேலை. அந்த வேலையைத்தான் என் இயந்திரம் செய்யப்போகிறது. இது புறப்படும்போதே எனக்குத் தெரியும்; ஆனால் தெரிந்திருப்பதும், அவர்கள் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அதே அறையில் இயந்திரத்தைப் பொருத்துவதும் ஒன்றல்ல. ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டேன். யாரையும் நிறுத்தமாட்டார்கள், எட்டுப் பேரையும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த எட்டில் ஐந்து பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலியாலும் சறுக்கி விழுந்ததாலும் மலையிலிருந்து ஸ்டோருக்கு வந்தவர்கள். மழையிலும் அட்டையிலும் அந்தச் சரிவில் அவர்களை மீண்டும் ஏறச் சொல்வது வேலை கொடுப்பதாகுமா?

சென்ற வியாழக்கிழமை இயந்திரம் முதன்முதலாகச் சீராக ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களில் மூத்த அக்கா மட்டும் எழுந்து வந்து, சுத்தமாகிவிட்டது என்று நான் காட்டிய தேயிலையில் ஒரு பிடி அள்ளி, வெள்ளைத் தாளில் பரப்பி, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியால் தடவி நான்கு குச்சிகளை எடுத்து வைத்தார். "தம்பி, தூளு உரசும், குச்சி வழுக்கும்" என்றார். நான்குமே கறுத்துப்போன குச்சிகள். கேமரா நிறத்தை மட்டுமே பார்ப்பதால் அவை தப்பிவிட்டன. உணர்திறனைக் கூட்டிவைத்தேன், இப்போது குச்சியோடு நல்ல தேயிலையும் சேர்ந்து கழிவுப் பெட்டியில் விழத் தொடங்கியது. அந்தக் கழிவைத் தாளில் கொட்டி அவர் பிரித்துக் காட்டிய நல்ல தேயிலை ஓர் உள்ளங்கை நிறைய இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை, ஆனால் ஒரு வழி தோன்றியது. இயந்திரத்தைச் சற்றுக் கடுமையாகவே ஓட்டலாம். கழிவில் விழும் நல்ல தேயிலையை மீட்கவும், ஏலத்துக்குப் போகும் மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்கவும் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்று ஒப்படைப்பு அறிக்கையில் எழுதலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஒரு பிடியே சான்று. மற்ற நால்வருக்குத் தவறணையிலாவது (தேயிலை நாற்றுப் பண்ணை) இடம் கிடைக்குமா என்று டீமேக்கர் தொரையிடம் பேசிப்பார்க்கிறேன் என்றிருக்கிறார். நம் மேலாளருக்கு இது பிடிக்காது. ஆட்குறைப்பைச் சொல்லித்தானே இயந்திரத்தை விற்றார்!

உன்னிடம் கேட்பது இதுதான். குன்னூரில் நீ நான்கு இடங்களில் இதே இயந்திரத்தைப் பொருத்தினாய். அங்கே குச்சி பொறுக்கியவர்கள் என்ன ஆனார்கள்? மீட்டெடுத்த தேயிலையின் எடையை நாள்தோறும் குறித்துவைத்த தொழிற்சாலை ஏதேனும் இருந்தால், அந்தக் கணக்கை வாங்கி அனுப்பு. வெறும் இரக்கத்தைவிட அது தொரையிடம் எடுபடும். வரும் வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அதற்குள் உன் பதில் வந்தாக வேண்டும், கடிதமாக வேண்டாம், தொலைபேசியிலேயே சொல்.

அம்மாவுக்கு தோட்டத்தில் எந்த டிவிஷன் (பிரிவு), எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்பது நினைவிருந்தால் அதையும் கேட்டு வை. தலவாக்கலை இங்கிருந்து தூரமில்லை.

உன் நண்பன்