டயாலிசிஸ் தண்ணீரை யார் பார்க்கிறார்கள்?

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப் பேரவைக்கும்,

வணக்கம். களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். போன மாரியில் ஒரு நாள், மெசின் போட்டு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும், அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல்லுக் கிட்டிவிட்டது. தாதி ஓடிவந்து போர்த்திவிட்டார், டொக்டரைக் கூப்பிட்டார். அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "இண்டைக்குத் தண்ணீரைச் சோதிச்சீங்களா?" என்று நான் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. சுவரில் தொங்கிய பதிவேட்டைப் பார்த்தேன். மறுநாள் திகதிக்கும் சேர்த்தே சரி போட்டிருந்தது.

தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அறிய வழியே இருக்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. இடத்தின் பெயர் வேண்டாம். கேள்வி எல்லா இடத்துக்கும்தான்.

குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. டயாலிசிஸ் தண்ணீரோ நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம், நாலு மணித்தியாலத்தில் 120 லீற்றர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. குழாய் நீரில் கிருமி கொல்லப் போடும் குளோரின், கரி வடிகட்டி பழுதானால் மெசினுக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதனால்தான். ஒவ்வொரு சிப்ட்டுக்கும் முன் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி நஞ்சு கலந்த நீர்த்தேக்கத் தண்ணீரால் ஒரே டயாலிசிஸ் நிலையத்து நோயாளிகள் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்புக் குழாயில் வருவதும் உன்னிச்சைக் குளத்து நீர்தான். குடிக்கச் சுத்திகரித்தது குடிக்கப் போதும், இதற்குப் போதாது.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் நிலையங்கள் பதிவு செய்கின்றன. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் வைக்கிறார்கள். சரி, அதற்குப் பக்கத்திலேயே அன்றைய நீர்ச் சோதனை முடிவு, நேரம், செய்தவரின் கையொப்பம் மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைகளுக்கும் அதே விதி வேண்டும். கிருமிச் சோதனைக்கு நீங்களே, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நீர் எடுத்துப் போங்கள்.

வருவதென்றால் காலை ஆறு மணிக்கு வாருங்கள், முதல் சிப்ட் தொடங்க முன்னம். நாங்கள் அந்த நேரம் வாசலில்தான் இருப்போம்.