ஐஸ் பெட்டிக்குள் யாரும் இல்லை, தம்பி

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்குத்தான் முதலில் அனுப்பினேன். "பேர் மட்டும் போடாம ஏத்திக்கோண்ணே" என்று ஒரு வரி பதில் வந்தது. அதனால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஏற்றுகிறேன். நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், எனக்கும் அது வசதியாகப் போய்விடும்.

மரண கானா உன் தொழில். செத்தவர் யார், எந்தத் தெரு, யாரோடு சண்டை, யாருக்கு நல்லது செய்தார் என்று அரைமணி நேரத்தில் விசாரித்து, விடிய விடிய அதைப் பாட்டில் கோப்பாய். அன்றைக்கு டீக்கடையில் வைத்து நீ சொன்னாய்: "பாடப் போன வூட்ல பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தா நானே படுத்துக்கினு இருக்கேன்ணே, எனக்கு நானே பாடணும்." நான் என்ன சொன்னேன் ஞாபகம் இருக்கிறதா? "செம ஹாரர்டா, வீடியோ எடுக்கலாம்." மனுஷன் மனசில் இருப்பதைச் சொல்கிறான், நான் லென்ஸ் வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம்ம பேய்ப் பாட்டு வீடியோவில் வெள்ளைப் புடவை, மல்லிப்பூ, கொலுசுச் சத்தம் எதுவும் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். ஆனால் அமைதியான இடம் வேண்டுமென்று நான் அலைந்தேனே, அதுதான் காமெடி. வடசென்னையில் ராத்திரி அமைதிக்கு எங்கே போவது? காசிமேட்டில் விடிவதற்கு முன்னாலேயே மீன் ஏலம் களைகட்டிவிடும், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை நகரவே நகராது, கொருக்குப்பேட்டைப் பக்கம் போனால் கூட்ஸ் வண்டி. கடைசியில் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குக் கீழேதான் வந்து நின்றோம். அப்போது நீ சொன்னாய், மண்டைக்குள்ளே அது ஆரம்பித்தால் அமைதியாக இருக்காது, பத்து ஸ்பீக்கரை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி இருக்கும் என்று. அதற்கப்புறம்தான் லாரி ஹாரனை எல்லாம் பாட்டுக்குள்ளேயே விட்டேன்.

ஐஸ் பெட்டி விஷயத்தை எழுதாமல் இருக்க முடியாது. வாடகைக்குக் கேட்டதும் அந்தப் பெரியவர் குரலை இறக்கி, "எத்தினி மணிக்கு ஆச்சு?" என்று கேட்டார். ஷூட்டிங் என்றதும் எகிறினார். "பெட்டிய எடுத்துக்கினு போ. உசுரோட கீறவன இதுல படுக்க மட்டும் வெக்காத. நாளைக்கு நான் எங்கம்மா மூஞ்சில முழிக்கணும்." இரண்டு மணி நேரம் கெஞ்சினேன், அவர் மசியவில்லை. சரி, காலிப் பெட்டியையே வைத்து, உள்ளே கறுப்புத் துணி விரித்து, மூடிக்கு மேலே குனிந்து பாடும் உன் முகத்துக்கு மட்டும் ஒரு லைட் போட்டோம். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். கண்ணாடி மூடியில் விழுந்த உன் முகம் உள்ளே படுத்திருப்பவன் முகமாகவே தெரிந்தது. கிராபிக்ஸ் செலவு ஒரு பைசா இல்லை. அவர் மட்டும் சரி என்றிருந்தால் சாதாரண ஷாட்டாகப் போயிருக்கும்.

அப்புறம் அந்த டபுள் ஸ்பீடு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து, 25-ல் ஓட்டினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், உடம்பு மட்டும் தண்ணிக்குள் நடப்பது போல நகரும். ஸ்கிரீனில் பார்க்கத்தான் அது பயம். எடுக்கும்போது உன் குரல் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஏழாவது டேக் வரைக்கும்.

ஒன்பதாவது டேக்கை எடிட்டில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். உதடு சேரவே இல்லை. நான்தான் தப்பாக அடுக்கிவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு பிரேமாக முன்னே தள்ளி, பின்னே இழுத்துப் பார்த்தேன். சரணத்தை வைத்தேன், பல்லவியை வைத்தேன். ம்ஹூம். ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது: நீ பாடவே இல்லை. கண்ணாடியில் இருந்தவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். நாற்பது நொடி. கேமராவுக்குப் பின்னாலிருந்து நான் "சூப்பர்டா, அப்படியே இரு, கட் பண்ணாதீங்க" என்று கத்தினேன். முடிந்ததும் "இன்னொண்ணு போலாம்" என்றும் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தப்பு என்னுடையது.

ஆஸ்பத்திரி என்றாலே உனக்குச் சிரிப்பு வருகிறது, தெரியும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பேரையே நம்ம சினிமா காமெடி வசவாக்கி வைத்திருக்கிறது. 1794-லிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, நம்ம ஏரியாவிலிருந்து பக்கம்தான், ஆனால் போனால் தெருவில் என்ன பேசுவார்கள் என்றுதானே யோசிக்கிறாய். பேயாக நடிக்கக் கூச்சமில்லை, ஓபி சீட்டு வாங்கக் கூச்சம். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பெரிய இவன் மாதிரி பேசவில்லை. கடைசிக் கறுப்பு பிரேமில் 14416 நம்பரைப் போட்டதும் "கவர்மெண்ட் விளம்பரம் மாதிரி ஆயிடும்ணே, எடுத்துடு" என்றாய். எடுக்கவில்லை. டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி மூன்று மணிக்கும் தமிழில் பேசலாம். மூன்று நொடிதான் வருகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நாற்பது நொடியை நான் இன்னும் வெட்டவில்லை, சேர்க்கவும் இல்லை. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார். வேண்டாம் என்றால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே அழித்துவிடுகிறேன். அதில் என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன்.

புதன்கிழமை காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், கீழ்ப்பாக்கம் போய்விட்டு வரலாம். ஐஸ் பெட்டிக்காரருக்கு இன்னும் ஐந்நூறு ரூபாய் பாக்கி இருக்கிறது, போகிற வழியில் அதையும் கொடுத்துவிடலாம்.

அண்ணன்