தங்கச்சிக்கு, நாற்பதாம் நாளுக்கு முன்

அன்புள்ள தங்கச்சி,

போனில் பேசினால் இந்த வரிசை வீடுகளில், லயம் முழுக்கக் கேட்கும். அதனால் அடுத்த பிள்ளை உடனே தங்காமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதுகிறேன்.

"பால் கொடுக்கிறேன்தானே அக்கா, பிள்ளை தங்காது" என்றாய். நானும் அப்படித்தான் இருந்தேன். மூத்தவனுக்கு எட்டு மாதம், மாதவிலக்கு இன்னும் வரவில்லை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வாந்தி எடுத்தபோதுதான் விசயம் தெரிந்தது. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் முதல் 6 மாதம் தாங்கும். நீ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு ஏறும் நாளிலிருந்து அந்தக் கணக்கு சரிவராது.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்பைப் பிரசவமாகி 48 மணித்தியாலத்துக்குள் வைத்திருக்கலாம். அது போய்விட்டது, இனி பிரசவமாகி 4 வாரம் கழிந்த பிறகு வைக்கலாம். செம்பு லூப்பில் ஹோர்மோன் கிடையாது, 10 வருடம் வரை நிற்கும். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று உன் மாமியார் சொல்வதை விடு, கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை. ஆனால் முதல் சில மாதம் இரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். உனக்கு இரத்தம் குறைவென்று கார்டில் எழுதியிருந்தார்களே, அதைக் கட்டாயம் சொல்லு.

கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் இரண்டு சின்னக் குச்சி, 5 வருடம். பால் வற்றாது. மாதவிலக்கு மட்டும் கண்டபடி வரும், சிலருக்கு நின்றேவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் எரிச்சல்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, பால் கொடுக்கிறவர்களுக்குப் பிரசவமாகி 6 வாரத்துக்குப் பிறகுதான். நிறுத்தினாலும் அடுத்த பிள்ளை தங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

மாமியார் கிளினிக் என்றாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1980களில் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டால் அரசாங்கம் காசு கொடுத்தது. காசுக்காகச் செய்துகொண்டு பிறகு அழுதவர்கள் நம் லயத்திலேயே உண்டு. அவரைக் குறை சொல்லாதே. லூப்பும் குச்சியும் அப்படியில்லை என்று சொல்லிப் பார். வேண்டாமென்றால் எந்த நாளிலும் எடுக்கச் சொல்லலாம், எடுத்த பிறகு சீக்கிரமே பிள்ளை தங்கும். பிரசவத்துக்குப் பிறகு அடுத்த பிள்ளை தங்க இரண்டு வருடமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். என் உடம்பைப் பார்த்தாலே ஏனென்று உனக்குத் தெரியும்.

மச்சானிடமும் பேசு, ஆனால் அவர் தலையாட்டட்டும் என்று காத்திருக்காதே.

மருத்துவிச்சி அம்மா வரும்போது கிளினிக் நாளைக் கேட்டு வை. அரச கிளினிக்கில் காசில்லை. நான் ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன், உள்ளே போகும்போது பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா